மருமகப்பிள்ளை ஆகாசம் பாக்கக் கிளம்பிட்டாரு

டெலஸ்கோப்பு வாங்கிட்டீராமே மருமகப்பிள்ளை! அக்கா போன்ல சொன்னா. "ஒன் மருமகன் சந்திரனைப் பாக்கக் குழாய் வாங்கியிருக்கான்டா தம்பி"ன்னு அவ பெருமூச்சு விட்ட தினுசைக் கேட்டு, கடனோட கடனா சந்திரனையே கிரயம் முடிச்சிட்டீரோன்னு பயந்துட்டேன்.

வாங்கினதுல ஒரு குத்தமும் இல்லை. காசைக் கரைக்க இதைவிடக் கேடான வழி ஊருக்குள்ள எவ்வளவோ கிடக்கு. இதுலன்னா ராத்திரி பூரா மொட்டைமாடியில கிடப்பீரு, எங்க போனீரு யாரைப் பாத்தீருன்னு வீட்டுல கேள்வி வராது. அந்தப் பெட்டியை இப்படிக் கொண்டாரும். மேல என்னதான் எழுதியிருக்குன்னு பாப்போம்.

ஆகா! 525 மடங்கு பெருசாக் காட்டுமாம்லா. சனிக்கிரகம், வளையம், பக்கத்துல செக்கச்செவேல்னு ஒரு நெபுலா. வே, அந்தப் படத்தை எடுத்தது ஹப்பிள். அதோட கண்ணாடி 2.4 மீட்டர் அகலம். உம்ம குழாயில இருக்குற கண்ணாடி 76 மில்லிமீட்டர். பெட்டிக்காரன் படத்தை மட்டும் அங்கேருந்து எடுத்து ஒட்டியிருக்கான்.

525 எங்கேருந்து குதிச்சுதுன்னு கேளும். குழாயோட குவியத்தூரம் 700 மில்லிமீட்டர். கூடக் குடுத்த ஐபீஸ்ல சின்னது 4 மில்லிமீட்டர். வகுத்தா 175. அதுக்கு முன்னால ஒரு பார்லோ லென்சைச் சொருகி மூணால பெருக்குனா 525. கணக்கு சுத்தம். அவன் பொய்யே சொல்லலை, அங்கதான் அவன் கெட்டிக்காரத்தனம் இருக்கு. வாய் எத்தனை மில்லிமீட்டரோ அதுல ரெண்டு பங்குக்கு மேல பெருக்கப்பிடாது. 76க்கு 150தான் உச்சவரம்பு. அதுக்கு மேல போனா எல்லாம் பெருசாத் தெரியும், ஆனா ஒண்ணும் தெரியாது. மழைக்கு முத்தத்துல அண்டாவை வச்சவனுக்கும் செம்பை வச்சவனுக்கும் தண்ணி ஒரே அளவா கிடைக்கும்? வெளிச்சமும் வாய் அகலத்துக்குத்தான் விழும். செம்புல விழுந்ததை வச்சு 525 பேருக்குப் பந்தி வைக்கேன்னு நிக்கீரு.

அடுத்தாப்ல இந்த முக்காலி. இதோட கூத்தை இப்பவே சொல்லிருதேன். வியாழனை எப்பாடுபட்டாவது நடுவுக்குக் கொண்டாந்திருப்பீரு. கலங்கலா இருக்கேன்னு ஃபோகஸ் திருகைத் தொடுவீரு. தொட்டதும் வியாழன் கிடந்து குதிக்கும். கையை எடுத்துட்டு, மூச்சை அடக்கிக்கிட்டு, நடுக்கம் நிக்கட்டும்னு காத்துக்கிடப்பீரு. நடுக்கம் நின்னு பாத்தா வியாழன் அங்க இருக்காது. பூமி சுத்துதுல்லா, அது தன் போக்குல குழாய் வாசலைத் தாண்டிப் போயிருக்கும். மறுபடி தேடும், மறுபடி தொடும், மறுபடி குதிக்கும். இப்படி நாலு தடவை ஆனா வெறுத்துப்போயி எதிர்த்த மாடி வீட்டுப் பக்கம் குழாயைத் திருப்பிருவீரு. கேசாயிரும், பாத்துக்கிடும்.

அதனால பார்லோவைப் பரண்ல போட்டுரும். 20 மில்லிமீட்டர் ஐபீஸை மட்டும் மாட்டும். வெறும் முப்பத்தஞ்சு மடங்குதான், ஆனா சந்திரன் முழுசும் அடங்கும். சனிக்கு வளையம் உண்டுன்னு உம்ம கண்ணால சாட்சி சொல்லலாம். 2025ல வளையம் நமக்கு விளிம்பை மட்டும் காட்டிக்கிட்டு நின்னுச்சு, இப்போ திரும்ப விரிஞ்சுக்கிட்டு வருது. வியாழனுக்கு ரெண்டு பக்கமும் புள்ளி புள்ளியா நிக்கும் பாரும், 1610 ஜனவரியில கலிலியோ பாத்த அதே நாலு பேரு. உள்வட்டத்துல ஓடுற அயோவுக்கு ஒரு சுத்து சுத்த ரெண்டு நாள்கூட ஆகாது. இன்னைக்கு நின்ன வரிசை நாளைக்கு இருக்காது. ஒரு நாப்பது பக்க நோட்டுல தேதி, மணி போட்டு, நடுவுல ஒரு வட்டம், பக்கத்துல புள்ளின்னு வரைஞ்சுக்கிட்டே வாரும். போன்ல வேண்டாம்வே, அந்த வெளிச்சத்தைப் பத்தி அப்புறம் வாரேன்.

ஆனா இதெல்லாம் ரெண்டு மாசம் கழிச்சு. அதுவரைக்கும் குழாய் பெட்டியிலயே கிடக்கட்டும். மூஞ்சியைத் தூக்காதீரும். இன்னைக்கு ராத்திரி உமக்கு வேண்டிய சாமான் அந்தச் செவத்துல தொங்குது.

தினசரிக் காலண்டர்தான். எதுக்குச் சிரிக்கீரு? ராசிபலனை நானும் நம்புறதில்லை. எனக்குத் தனலாபம்னு போட்ட அன்னைக்குத்தான் உம்ம அம்மா கைமாத்து கேட்டு வந்தா. ராகுகாலம் எமகண்டத்தை மடிச்சு உள்ள வச்சுட்டு, திதியையும் நட்சத்திரத்தையும் மட்டும் பாரும். சூரியனை விட்டுச் சந்திரன் எம்புட்டுத் தூரம் விலகிட்டான்னு சொல்லுறது திதி. ஒரு திதிக்குப் பன்னெண்டு டிகிரி. சந்திரன் இன்னைக்கு யார் வீட்டு வாசல்ல நிக்கான்னு சொல்லுறது நட்சத்திரம். ரோகிணின்னு போட்டிருந்தா அன்னைக்குச் சந்திரனுக்குப் பக்கத்துல இளஞ்செவப்பா ஒண்ணு நிக்கும். உம்ம இங்கிலீஷ் புஸ்தகத்துல அதுக்கு அல்டெபரான்னு பேரு. மகத்தன்னைக்கு ரெகுலஸ், சித்திரையன்னைக்கு ஸ்பைகா. கார்த்திகையன்னைக்கு அந்த அறுமீன் கொத்து. இருபத்தேழு நாள்ல ஒரு சுத்து முடிஞ்சிரும். பாதி ராத்திரி மேகம் மறைச்சாலும் அடுத்த மாசம் திரும்ப வருவான், விட்டதைப் புடிச்சுக்கிடலாம். ஒரு வருசத்துல ஆகாசத்துல பாதிப்பேரு உமக்குச் சொந்தக்காரங்க ஆயிருவாங்க.

எல்லாரும் வாசல்லயே நிப்பாங்கன்னு நெனைக்காதீரும். சுவாதி முப்பது டிகிரி தள்ளி வடக்க நிப்பா, திருவோணமும் கிட்ட வராது. கேட்டை, அதுக்கான நேரம் தொடங்கறதுக்குக் கொஞ்சம் முந்தியே சந்திரனைப் பாத்துட்டுப் போயிரும். வீட்டுக்கு வீடு வாசப்படி.

இன்னொண்ணு. உம்ம அம்மா அஷ்டமி நவமியில ஒரு துரும்பை எடுத்து வைக்கவிட மாட்டாள்லா? குழாய்ல சந்திரனைப் பாக்க அதைவிட நல்ல நாள் கிடையாது. பாதிச் சந்திரன்ல வெளிச்சமும் இருட்டும் சந்திக்குற கோட்டுல பாத்தா ஒவ்வொரு பள்ளமும் நிழல் விழுந்து எடுப்பா நிக்கும். பௌர்ணமிக்கு நிழலே இல்லை, எல்லாம் சப்பட்டை. ஊரு பௌர்ணமிக்குத்தான் அண்ணாந்து பாக்கும், நீரு அன்னைக்கு நல்லாத் தூங்கும். நட்சத்திரக் கூட்டம் பாக்கணுமா? அமாவாசையை ஒட்டி வாரும். சுருக்கமாச் சொன்னா, காலண்டர்ல எந்தெந்த நாள் ஆகாதுன்னு போட்டிருக்கோ அந்த நாளெல்லாம் உமக்கு நல்ல நாளு.

வாக்கியமா திருக்கணிதமான்னு கேப்பீரு. ரெண்டுக்கும் சில மணி நேரம் முன்னபின்ன வரும். எது சரின்னு பெரியவங்க அடிச்சுக்கிடட்டும், நீரு மாடியில ஏறிப் பாத்துத் தீர்ப்புச் சொல்லும். அப்படிச் சொன்ன ஆளு ஒருத்தரு இருந்தாரு, சிந்தாமணி ரகுநாதாச்சாரின்னு பேரு. சென்னை வானாய்வகத்துல வேலை. கண்ணுல கண்டதோட பஞ்சாங்கம் ஒத்துப்போகணும்னு மல்லுக்கு நின்னு திருக்கணிதப் பஞ்சாங்கம் போட்டவரு. காலேஜ் பட்டம் ஒண்ணும் கிடையாது. ரெட்டிகுலம்னு தெக்குப் பக்கம் ஒரு மண்டலம், அதுல ஒரு நட்சத்திரம் மங்குறதும் மினுங்குறதுமா இருக்குன்னு 1867ல கண்டுபுடிச்சாரு. 1872ல லண்டன் ராயல் வானியல் சங்கம் அவரை உறுப்பினராச் சேத்துக்கிடுச்சு. உமக்கு ரெண்டு பட்டம் இருக்கு, ஒரு குழாயும் இருக்கு. பாப்போம்.

நட்சத்திரம் மங்குறதைப் பாக்கக் குழாய்கூடத் தேவையில்லை. 2019 கடைசியிலயும் 2020 தொடக்கத்துலயும் திருவாதிரை நெசமாவே மங்கிப்போச்சு. வழக்கமா ரோகிணியைவிட எடுப்பா இருக்குறவ, அந்த மாசி மாசம் ரோகிணிக்குக் கீழ எறங்கிட்டா. தன் ஒடம்புலேருந்தே கக்கின தூசி மறைச்சிருச்சுன்னு பெரிய பெரிய டெலஸ்கோப்புக்காரங்க பிறகு சொன்னாங்க. மங்குனதை வெறுங்கண்ணால பாத்திருக்கலாம். நீரு அப்போ போன்ல குனிஞ்சுக்கிட்டு இருந்தீரு.

இப்ப இங்கிலீஷ் புஸ்தகத்தை எடும். முதப் பக்கத்துலயே துருவ நட்சத்திரத்தைக் கண்டுபுடின்னு இருக்கும், படத்துல அது நெத்திக்கு மேல நிக்கும். அவன் லண்டன்ல உக்காந்து எழுதுனவன், அவனுக்கு அது அம்பத்தோரு டிகிரி ஒசரம். எந்த ஊரு எத்தனை டிகிரி அட்சத்துல இருக்கோ அத்தனை டிகிரிதான் துருவன் மேல நிப்பான். நம்ம கோவில்பட்டிக்கு ஒம்பது. கையை நேரா நீட்டி முட்டியை மடக்கும். அந்த முட்டி அகலம் பத்து டிகிரி. வடக்குத் தொடுவானத்துல முட்டியை வச்சா, அதோட மேல்விளிம்புகிட்ட மங்கலா ஒண்ணு நிக்கும் பாரும், அதான். பெரிய ஜோதின்னு நெனைச்சுராதீரும், ரெண்டாந்தர வெளிச்சம். பல வீட்டுக்கு வேப்பமரமோ தண்ணித் தொட்டியோ மறைச்சிரும். மறைச்சா மறைச்சுட்டுப் போகுது.

லண்டன்காரனுக்குத் துருவனைக் குடுத்த கடவுள் நமக்குத் தெக்கைக் குடுத்திருக்கான். அகத்தியர்னு நாம கும்பிடுற கனோபஸ், வானத்துலயே வெளிச்சத்துல ரெண்டாமிடம். தை மாசி ராத்திரியில தெக்க மூணு முட்டிக்குக் கொஞ்சம் கீழ ஜொலிக்கும். லண்டன்ல அது உதிக்கவே உதிக்காது. அவன் புஸ்தகத்துல அதைப் பத்தி ஒரு வரி இருந்தா உம்ம பாக்கியம்.

வைகாசியில ஒரு ராத்திரி ஊருக்கு வாரும். எட்டு மணிக்கு மேல, பத்துக்குள்ள, மாடியில நிப்போம். உம்ம கல்யாணத்துல பத்தரை மணி வெயில்ல, மண்டபத்துத் தகரக் கூரையைக் காட்டி ஐயர் "அருந்ததி தெரியுதா"ன்னாரு. நீரும் தலையைத் தலையை ஆட்டுனீரு. எம் மருமக உம்மளைவிட நல்லா ஆட்டுனா. ரெண்டு பேரும் கூட்டுச் சேந்து சொன்ன மொதப் பொய் அது. அந்தக் கடனை அடைக்கணும்னா வடக்க சப்தரிஷிக் கூட்டத்தைப் பாரும். வால்ல மூணு இருக்கும், நடுவுல நிக்குறவரு வசிட்டரு. அவரை ஒட்டி ஊசிமுனையா ஒண்ணு தெரியுதா, அதுதான் அருந்ததி. எம்பது ஒளியாண்டுத் தூரம். கண்ணுக்கு ரெண்டு பேரு, குழாயில பாத்தா வசிட்டரே ரெண்டாப் பிரிவாரு. பெரிய கருவி வச்சு அளந்தவங்க, வசிட்டரு நாலு, அருந்ததி ரெண்டு, ஆக மொத்தம் ஆறு நட்சத்திரம்னு கணக்கு முடிச்சிருக்காங்க. ஐயர் காட்டும்போதே ஆறு பேரைக் காட்டியிருந்தா கல்யாணமே நின்னிருக்கும்.

அருந்ததி உச்சிக்கு வர்ற அதே நேரத்துல, அப்படியே கழுத்தைப் பின்னால சாய்ச்சு தலைக்கு மேல தெக்க வந்தா வெள்ளையா ஒண்ணு, சித்திரை. இன்னும் அதே கோட்டுல இறங்கும். தெக்கே தரையிலேருந்து மூணு முட்டிக்குக் கொஞ்சம் மேல, பஞ்சைப் பிச்சு வச்சாப்ல மங்கலா ஒரு பொட்டு. ஒமேகா சென்டாரி. தாலமி அதை ஒரு நட்சத்திரம்னே பட்டியல்ல எழுதிட்டாரு. 1677ல எட்மண்ட் ஹாலி செயின்ட் ஹெலினா தீவுக்குப் போயித்தான் அதைப் பாக்க முடிஞ்சுது. பதினேழாயிரம் ஒளியாண்டுக்கு அந்தப் பக்கம் ஒரு கோடி நட்சத்திரம் ஒரே கும்பலா நிக்குது. வடக்க அருந்ததி, உச்சியில சித்திரை, தெக்க ஒமேகா, மூணும் ஒரே நேர்கோட்டுல ஒரே நேரத்துல. ஹாலி கப்பலேறிப் போனாரு, நீரு மாடிப்படி ஏறினாப் போதும். அதுக்கே மூட்டு வலிக்குதும்பீரு.

சூரியன் பக்கம் மட்டும் நான் கேலி பேச மாட்டேன். பெட்டியில கருப்பா, ஐபீஸ்ல திருகுற மாதிரி ஒரு சின்னக் கண்ணாடி போட்டிருந்தான்னா அதைச் சம்மட்டியால ஒடைச்சுப்போடும். குழாய் சேத்துக் குவிக்குற சூட்டுல அது படார்னு விரிஞ்சா அந்தக் கண்ணு அவ்வளவுதான். வடிகட்டி மாட்டுறதுன்னா குழாயோட முன்வாயில, அதுக்குன்னே செஞ்சதை மாட்டணும். பகல்ல குழாய்கிட்ட பிள்ளைகளைத் தனியா விட்டுட்டுக் கீழ எறங்கப்பிடாது. கிரகணம் பாக்கத்தான் நமக்கு வேப்பமர நிழல் இருக்கே, இலையிடுக்கு ஒவ்வொண்ணும் தரையில ஒரு பிறைச் சூரியனைப் போடும். 2019 டிசம்பர் 26ல திண்டுக்கல், கோயம்புத்தூர்ப் பக்கம் வளையமே விழுந்துச்சு. 2031 மே 21ல மதுரைப் பக்கம் திரும்ப வருது. அன்னைக்கு ஒருத்தன் தாம்பாளத்துல உலக்கையை நிறுத்தி, "பாத்தீங்களா, கிரகண சக்தி"ம்பான். பொறுமை இருந்தா உலக்கை ஆடி அமாவாசைக்கும் நிக்கும், உம்ம பொறந்த நாளைக்கும் நிக்கும்.

நம்ம ஊருல சித்திரை பொறப்பை ஒட்டி உச்சிவேளையில ஒரு கம்பை நட்டுப் பாரும். சூரியன் நேர் தலைக்கு மேல வந்து நிழல் காலடியிலயே ஒளிஞ்சுக்கிடும். ஆவணி நடுவாக்குல இன்னொரு தடவை. சென்னைக்குன்னா ஏப்ரல் 24 வாக்குலயும் ஆகஸ்ட் 18 வாக்குலயும். டெல்லிக்காரனுக்கு வருசம் பூரா நட்டாலும் கிடைக்காது.

வெளிச்சம்னு சொன்னேன்லா. இருட்டுக்குக் கண்ணு பழக அரைமணி நேரம் ஆகும், ஒரு தடவை போனைத் திறந்து மணி பாத்தா அம்புட்டும் போச்சு. டார்ச்சு வாயில செவப்புக் கண்ணாடித்தாளை ரெண்டு மடிப்பா ரப்பர் பேண்டு போட்டுக் கட்டிக்கிடும். சென்னையில என்னத்தைத் தெரியும்னு அழாதீரும். சந்திரன், வியாழன், சனி, வெள்ளி நாலுக்கும் தெருவிளக்கு ஒரு பொருட்டே இல்லை. மத்ததுக்கு ஊருக்கு வாரும். இங்கயும் கோயில் முக்குல ஹைமாஸ் லைட்டு போட்டுட்டாங்கதான், கிணத்துமேட்டுக்குப் போயிட்டா தப்பிச்சோம். ஐப்பசி கார்த்திகையில வந்துராதீரும், மேகத்தைத்தான் பாப்பீரு. மார்கழியில பனி லென்சு மேல உக்காரும்.

ஆசை நெசமாவே வேர் புடிச்சிருச்சு, குழாயை மாத்தணும்னு தோணுதுன்னு வையும். அப்போ அந்த எடைக்கல்லு தொங்குற இக்வடோரியல் தாங்கிகிட்ட போகாதீரும், நம்ம ஒம்பது டிகிரிக்குச் சாய்ச்சா பல தாங்கியில கல்லு காலைத் தட்டும். தரையில உக்காருற டாப்சோனியன் பாரும். ஜான் டாப்சன்னு சான்பிரான்சிஸ்கோவுல வேதாந்த மடத்துச் சாமியார், கப்பல் ஜன்னல் கண்ணாடியைத் தேச்சு, அட்டைக் குழாய்ல மாட்டி, தெருவுல போறவன் வாறவனுக்கெல்லாம் சந்திரனைக் காட்டிக்கிட்டு நின்னவரு. மடத்துலேருந்து வெளிய அனுப்பிட்டாங்க, அப்பவும் நிறுத்தலை.

அதுக்கெல்லாம் முந்தி ஒரு பைனாகுலர். பத்துக்கு அம்பது. பத்து மடங்கு, வாய் அம்பது மில்லிமீட்டர். பத்துக்கு மேல போனா கை நடுக்கத்துல நட்சத்திரம் கோலம் போடும். முழங்கையைக் கைப்பிடிச்சுவர்ல ஊணிக்கிடும், இல்லாட்டி கயித்துக்கட்டில்ல மல்லாந்துரும். கார்த்திகைக் கொத்துல ஆறு கண்ட இடத்துல டஜன் கணக்குல கொட்டிக்கிடக்கும். வியாழனோட பிள்ளைகளும் தெரிவாங்க. கார்த்திகை மார்கழியில வானம் வெறிச்சிருந்தா தலைக்கு வடக்க ஆண்ட்ரோமீடா தெரியும், இருவத்தஞ்சு லட்சம் ஒளியாண்டு. ஏழுக்கு அம்பது வாங்கலாமேன்னு கடைக்காரன் சொல்லுவான். அம்பதை ஏழால வகுத்தா ஏழு மில்லிமீட்டர், அம்புட்டு அகலத்துக்கு வெளிச்சம் கண்ணுக்குள்ள வரும். இருட்டுல சின்ன வயசுக்காரன் கண்மணிதான் ஏழுக்கு விரியும், என் வயசுக்கு அஞ்சுதான். அம்பதைப் பத்தால வகுத்துப் பாரும், அஞ்சு. என் கண்ணுக்கு அளவெடுத்துத் தச்ச சாமான்வே அது! உம்ம சென்னை வெளிச்சத்துல உம்ம கண்ணும் ஏழுக்கு விரியப்போறதில்லை. ஆகையால ரெண்டு பேருக்கும் ஒரே அளவு.

என்ன முழிக்கீரு? ரெண்டாப் போட்டா ஏதோ தள்ளுபடி உண்டாம்லா, உம்ம போன்ல பாரும். விலாசமும் பின்கோடும் உம்ம அம்மாவுக்கு மனப்பாடம். வார் மட்டும் நீளமா இருக்கான்னு பாத்து வாங்கும், குட்டையா இருந்தா எனக்குக் கழுத்தை அறுக்கும்.